‘இன்னுமா?’ என்ற கேள்வியும் மறைக்கப்படும் தாய்ப்பாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகத் தாய்ப்பால் வாரம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை வந்து போகிறது. அந்த ஒரு வாரம் வெளியாகும் கட்டுரைகளிலும் படங்களிலும் மடியில் கிடக்கும் பச்சைக் குழந்தையைத்தான் காண்கிறோம். ஓடியாடித் திரிகிற, ஓயாமல் கேள்வி கேட்கிற மூன்று வயதுப் பிள்ளையை அங்கே காண முடிவதில்லை. அந்த வயதுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். நான்கு வயது வரை கொடுத்தவள் என்ற முறையில், அப்படி மறைப்பதால் விளையும் கேட்டைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மகனுக்கு மூன்றரை வயதானபோது, மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. சில வாரங்களில் அது பழுப்பேறியது. பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். “இரவில் புட்டிப்பால் கொடுத்துத் தூங்க வைக்கிறீர்களா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். புட்டியை அவன் தொட்டதே இல்லை என்பதால் அது பொய்யாகாது. ஆனால், ஒவ்வோர் இரவும் அவன் என் மார்பில் குடித்தபடியேதான் தூங்கினான், நடுவில் விழித்தால் மறுபடியும் குடித்தான் என்பதை விழுங்கிவிட்ட அந்தப் பதிலை உண்மை என்றும் சொல்ல முடியாது. அவர் இனிப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது கறை இன்னொரு பல்லுக்கும் தாவியிருந்தது.

வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. அதற்கு ஆறு மாதம் முன்பு, அவனுக்குக் காய்ச்சல் என்று ஒரு மருத்துவமனையில் வரிசையில் காத்திருந்தோம். அழுது அரற்றிய பிள்ளையை மடியில் கிடத்தி, துணியால் மூடிப் பால் கொடுத்தேன். அடுத்த நாற்காலியில் இருந்த அம்மாள், “பல்லெல்லாம் முளைச்சுப் பேசுற பிள்ளைக்கு இன்னுமா?” என்று சற்று உரக்கவே கேட்டார். எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களை உள்ளே அழைக்க வந்த செவிலியரும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் மகனிடம், யார் முன்னாலும் பால் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் ரகசியம் அது.

இரண்டாம் முறை பல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தவில்லை. தூங்கும்போது வாயில் உமிழ்நீர் குறைந்துவிடும். பல்லில் முன்பே ஒட்டியிருக்கும் உணவுத்துணுக்கும் கிருமிப்படலமும் பாலோடு சேர்ந்து இரவு முழுவதும் தங்கினால் அமிலம் பல்லை அரிக்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் மேல்பற்களே முதலில் பழுதாகும் என்று விளக்கினார். நிறுத்தச் சொல்வார் என்று பயந்துகொண்டு போன எனக்கு அவர் சொன்னது வேறு. படுக்கப் போகும் முன் ஃப்ளூரைடு பற்பசையைப் பட்டாணி அளவு வைத்துத் தேய்த்துவிட வேண்டும், நடு இரவுப் பாலை மெல்லக் குறைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். முதல் முறையே சொல்லியிருந்தால் ஒரு பல்லாவது தப்பியிருக்கும்.

அவர் சொன்னதற்கு ஆதாரமும் உண்டு. பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 24 மாதமும் அதற்கு மேலும் தாய்ப்பால் குடித்தவர்களுக்கு ஐந்து வயதில் கடுமையான பற்சிதைவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. உண்ட இனிப்பின் அளவைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. நீண்டநாள் பாலூட்டலை ஆதரிப்பவர்கள் இதைப் பேசத் தயங்குகிறார்கள். ஏளனம் செய்பவர்கள் கையில் ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அச்சத்துக்கு விலை கொடுப்பது பிள்ளையின் பல்.

பல்லோடு இது முடிவதில்லை. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. சோற்றைத் தள்ளிவிட்டுப் பாலையே நாடும் பிள்ளைக்கு இரத்தசோகை வரக்கூடும் என்பதால், எவ்வளவு குடிக்கிறான் என்பது குழந்தை மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். தாய்க்கே நோய் வந்து மருந்து எழுதும் மருத்துவர், மூன்று வயதுப் பிள்ளையின் தாய் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று கனவிலும் நினைப்பதில்லை; அவளும் சொல்வதில்லை. சொல்லாமலே மாத்திரையை விழுங்கிவிட்டு, “பாலில் கலந்திருக்குமோ” என்று இரவெல்லாம் தவிப்பவர்கள் உண்டு. பயந்து மாத்திரையையே விட்டவர்களும் உண்டு. பால் கொடுக்கும்போது எந்த மருந்து ஏற்கும், எது ஏற்காது என்பதைத் தொகுத்துத் தரும் ‘லாக்ட்மெட்’ என்ற தரவுத்தளத்தை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் எவரும் பார்க்கும்படி இலவசமாகவே வைத்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடக்கூடிய ஐயம், கேட்க நா எழாததால் நாள்கணக்கில் நீள்கிறது.

இனி, ‘இன்னுமா?’ என்று கேட்பவர்களின் பக்கம். ஒரு வயதுக்குப் பிறகு தாய்ப்பால் வெறும் தண்ணீர் என்பது நான் அதிகம் கேட்ட வாதம். ஓராண்டுக்கு மேல் பால் கொடுத்துவந்த தாய்மார்களின் பாலையும், சில மாதமே ஆன தாய்மார்களின் பாலையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில், முன்னவர்களின் பாலில்தான் கொழுப்பும் ஆற்றலும் கூடுதலாக இருந்தன. கிருமிகளின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதியின் செறிவும் இரண்டாம் ஆண்டில் கூடுகிறது. 12 முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தையின் ஆற்றல் தேவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் தர முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தாய்க்கும் பயன் உண்டு. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, ஒரு பெண் மொத்தமாகப் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது. அந்தக் கணக்கு முதலாண்டோடு நின்றுவிடுவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையையே அரைகுறையாக மேற்கோள் காட்டுவது இன்னொரு வேடிக்கை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பின் மற்ற உணவோடு சேர்த்து ‘இரண்டு ஆண்டு வரையோ அதற்கு மேலுமோ’ என்பதே முழு வாசகம். பேச்சிலும் எழுத்திலும் ‘அதற்கு மேலுமோ’ எப்படியோ உதிர்ந்து, இரண்டாவது பிறந்தநாள் ஏதோ காலாவதித் தேதி போல ஆகிவிடுகிறது. சட்டத்திலும் இந்தக் கோடு ஏறியிருக்கிறது: பொது இடத்தில் பாலூட்டுவதைத் தடுப்பதைக் குற்றமாக்கிய ஸ்காட்லாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டுமே பொருந்தும்படி எழுதப்பட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமோ, அதுவரை ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்று சொல்லிவந்ததை 2022இல் மாற்றி, தாயும் பிள்ளையும் விரும்பும்வரை இரண்டு ஆண்டும் அதற்கு அப்பாலும் தொடரலாம் என்று அறிவித்தது. மூன்றாம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பால் குடிப்பதால் பிள்ளையின் மனத்துக்கோ வளர்ச்சிக்கோ தீங்கு நேர்ந்ததற்குச் சான்று இல்லை என்பதை 2005லேயே அதே கழகம் எழுதியிருக்கிறது. மனம் கெட்டுவிடும், முந்தானையை விட்டு நகரமாட்டான் என்று எச்சரிப்பவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

காத்ரின் டெட்வைலர் என்ற மானிடவியலாளர், மனிதரோடு உறவுடைய பிற குரங்கினங்களில் பல் முளைக்கும் காலம், உடல் எடை, கருக்காலம் ஆகியவற்றோடு பால்மறக்கும் வயதை ஒப்பிட்டு, பண்பாடு தலையிடாவிட்டால் மனிதக் குழந்தை இரண்டரை முதல் ஏழு வயதுக்குள் பால் மறக்கும் என்று 1995இல் கணித்தார். ஏழு வயது வரை கொடுத்தே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மூன்று வயதுப் பிள்ளை குடிப்பதை விபரீதம் என்று சொல்ல உடலியலில் இடமில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

பார்ப்பவர்களின் கற்பனையில் ஓடும் காட்சிக்கும் நடப்பதற்கும் தொடர்பே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012 மே மாதம் டைம் இதழ் தன் அட்டையில், நாற்காலிமேல் நின்று தாயிடம் பால் குடிக்கும் மூன்று வயதுச் சிறுவனின் படத்தை வெளியிட்டது. உலகமே வாயைப் பிளந்தது. எந்த வீட்டிலும் யாரும் அப்படி நின்றுகொண்டு குடிப்பதில்லை. என் மகன் மூன்று வயதில் காலையில் எழுந்ததும் ஐந்து நிமிடம், இரவில் சற்றுக் கூடுதலாகக் குடிப்பான். இடையில் முட்டி சிராய்த்துக்கொண்டு ஓடி வந்தால் ஒரு நிமிடம் வாய் வைத்துவிட்டு, விசும்பல் அடங்குமுன்பே விளையாட்டுக்குத் திரும்பிவிடுவான். பகலில் அவனுக்கு அது நினைவிலேயே இருக்காது.

சீக்கிரம் நிறுத்தியவர்களையோ, பால் போதாமல் மாற்றுப் பால் கொடுத்தவர்களையோ நான் குறைசொல்லவில்லை. அவர்களையும் இதே வாய்கள்தான் “அதற்குள்ளேயா?” என்று கேட்டுக் குத்துகின்றன. நீண்டநாள் கொடுப்பதைத் தியாகமாகப் போற்றுவதும் எனக்கு உவப்பானதல்ல. பிள்ளை வாய் வைத்தாலே உடம்பு கூசி எரிச்சல் மண்டிய நாட்கள் எனக்கும் இருந்தன. அப்போது நிறுத்த விரும்பும் தாய் நிறுத்தலாம். அவள் உடம்பு, அவள் முடிவு. எப்படி நிறுத்துகிறாள் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஊராரின் வாய்க்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்துபவர்கள் மார்பில் கசப்பைத் தடவுகிறார்கள், அல்லது பிள்ளையைச் சில நாள் வேறு வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குக் காரணம் புரிவதில்லை. தாய்க்குப் பால் கட்டி மார்பு கல்லாகிக் காய்ச்சல் வருகிறது. குடிக்கக் குடிக்கச் சுரப்பதும், குறையக் குறைய வற்றுவதும் பாலின் இயல்பு. தானாகக் கொடுக்காமலும் கேட்டால் மறுக்காமலும் இருந்து, பகல் வேளைகளை ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் இரவை விட்டால் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஆளைத் தேடிப் போக வெட்கம் தடுக்கிறது.

தங்கள் நாளிதழிடம் கேட்பது இரண்டு. மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் தாய்ப்பாலின் கால அளவு அச்சாகும்போதெல்லாம் ‘அதற்கு மேலுமோ’ என்பதை விட்டுவிடாமல் சேர்த்து அச்சிடுங்கள். அடுத்த ஆகஸ்டில் பச்சைக் குழந்தையோடு பால்குடி மறவாத பெரிய பிள்ளையைப் பற்றியும், பல், இரத்தம், மருந்து ஆகியவற்றை ஒளிக்காமல், ஒரு மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். மருத்துவர்களிடமும் ஒன்று: ‘தாய்ப்பால் கொடுக்கிறீர்களா?’ என்ற கேள்வியைப் பிள்ளையின் வயதைப் பார்த்துத் தவிர்த்துவிடாதீர்கள். எங்கள் பல் மருத்துவரின் புதுநோயாளிப் படிவத்தில் புட்டிப்பாலுக்குக் கீழே இப்போது அந்த வரி சேர்ந்திருக்கிறது.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மறைப்பதைக் குறைசொல்லும் கடிதத்தில் இப்படிக் கேட்பது முரண் என்று எனக்கே தெரிகிறது. மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். அவன் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் செய்தித்தாள் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி