வாத்தியாரின் கை

அன்புள்ள கலா,

நாலு மாதமாக ஒரு வரி எழுதாதவள் திடீரென்று எழுதினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இருக்கிறது, கடைசியில் கேட்கிறேன். அண்ணன் வேலை மாறிவிட்டான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எனக்கு அதே ஆபீஸ், அதே மேனேஜர். சேதி அவ்வளவுதான்.

வாத்தியாரின் கை போய்விட்டதடி.

வாத்தியார், குண்டோதரன் என்று பேர் வைத்து நான் வளர்க்கிற, பல்லி மாதிரி இருந்தாலும் தண்ணீருக்குள்ளேயே வாழும் இந்த ஆக்ஸலாட்டல் குட்டிகளை ஒரே தொட்டியில் விடாதே, கடித்துக்கொள்ளும் என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். நான் கேட்டேனா? போன மாதம் இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பி வந்து பார்த்தால், இடது முன்னங்கால் முழங்கைக்குக் கீழே இல்லை. செவுளிலும் ஒரு கிளை பாதிதான் இருந்தது. குண்டோதரன் மூலையில், அதே சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அவனைத் திட்டி என்ன பயன்? அதுகளுக்குப் பார்வை மட்டு. எதிரே எது அசைந்தாலும் வாயைத் திறந்து உறிஞ்சிவிடும். புழுவா, கூடப்பிறந்தவன் கையா என்று பார்க்காது. ஐந்து மாதக் குட்டிகளைப் பட்டினி போட்டவள் நான்தானே.

என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியாததா? பதற்றத்தில் நமக்குப் போடும் களிம்பைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, தடவுவதற்கு முன் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். தோல் வழியாக எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் பிராணியாம், களிம்பு கிளிம்பு எதுவும் கூடாதாம். "குளிர்ந்த சுத்தமான தண்ணீர் கொடுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்" என்றார்.

சொல்வது சுலபம். வாத்தியாரைத் தனியாக எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் டப் வைத்துக்கொண்டு தினமும் மொத்தத் தண்ணீரையும் மாற்றுகிறேன். வடிகட்டி இல்லாத டப்பில் அதன் கழிவே அம்மோனியாவாகிப் புண்ணை எரிக்கும். குளோரின் போக்கிய தண்ணீர், அதே வெப்பநிலையில் இருக்க வேண்டும். 16லிருந்து 18 டிகிரி. ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள், உறைந்ததும் மூடியோடு அப்படியே மிதக்கவிடுகிறேன். கண்ணுக்கு இமை கிடையாது, வெளிச்சம் பிடிக்காது என்பதால் டப்பின் மேல் ஒரு துண்டு. நடுராத்திரியில் எழுந்து துண்டைத் தூக்கித் தெர்மாமீட்டரைப் பார்க்கிறவளை வீட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்காதே.

ஐந்தாம் நாள் வெட்டுவாயில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது. பூஞ்சை. அன்றைக்குத்தான் அழுதேன். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பாலும் சர்க்கரையும் சேர்க்காத டீயை நன்றாக ஆறவைத்துத் தண்ணீரில் கலந்தேன். நான் போட்ட டீயை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட முதல் ஜீவன் வாத்தியார்தான். மூன்று நாளில் பஞ்சு உதிர்ந்துவிட்டது.

அப்புறம் நடந்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். முதலில் நுனியில் ஒரு சின்ன மொட்டு, கண்ணாடி மாதிரி. அது தட்டையாகித் துடுப்பானது. நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: துடுப்பின் ஓரத்தில் ஒரு பள்ளம், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல். இன்னும் இரண்டு வரவேண்டும், முன்னங்காலுக்கு நாலுதான். தழும்புகூட இருக்காதாம். எலும்பு, தசை, நரம்பு எல்லாமே புதிதாக வளர்கிறது. நான் செய்ததெல்லாம் தண்ணீர் மாற்றியதுதான். அது எனக்கு நிம்மதியா வருத்தமா என்றே தெரியவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் இதைப் பற்றியே படிக்கிறேன். 1864இல் மெக்சிகோவிலிருந்து 34 உருப்படிகள் பாரிசுக்குப் போயிருக்கின்றன. இன்றைக்கு ஆராய்ச்சிக்கூடங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வம்சம்தானாம். இதன் சொந்த ஊரான, மெக்சிகோ நகரத்துச் சொச்சிமில்கோ கால்வாய்களில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டன. அழுக்குத் தண்ணீரும், வளர்ப்புக்கென்று விட்ட கெண்டையும் திலேப்பியாவும் சேர்ந்து செய்த வேலை. படித்துவிட்டு வந்து டப்பைக் கழுவினேன், வேறென்ன செய்ய?

சரி, காரியத்துக்கு வருகிறேன். இவர்களை இனி ஒன்றாக விட எனக்குத் தைரியம் இல்லை. உன் மாடியில் சும்மா கிடக்கிறதே அந்த மூன்றடித் தொட்டி, அதைக் கொடு. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது, விரலை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாம். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவை சொல்லிக்கொள், அனுமதி தருகிறேன். ஒரே தடவை.

தொட்டியைத் திருப்பித் தருவேன். குடை விஷயத்தை இழுக்காதே.

உன்,
வசந்தி