மகளின் நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் மகளுக்கு வந்திருப்பது ஃபிரெட்ரிக் அட்டாக்சியா, அதாவது நரம்புகளைப் பாதித்து நடையைத் தள்ளாட வைக்கும் பரம்பரை நோய் என்று உறுதியாகிவிட்டது. முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் மனதார நன்றி சொல்கிறேன். என்ன நோய் என்றே தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது புரியும்.

முதல் நன்றி சேலத்து நரம்பியல் டாக்டரம்மாவுக்கு. மற்றவர்கள் சத்துக் குறைவு என்று டானிக் எழுதித் தந்தபோது, நீங்கள்தான் செருப்பைக் கழற்றச் சொல்லி, வில்லாக வளைந்திருந்த உள்ளங்காலைப் பார்த்தீர்கள். கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னதும் சாய்ந்தவளைத் தாங்கிப் பிடித்தீர்கள். முட்டியில் சுத்தியலால் தட்டினீர்கள், கால் அசையவே இல்லை. வைட்டமின் ஈ குறைபாட்டிலும் இப்படி வரும், அதற்கு வைத்தியம் உண்டு என்று முதலில் அதைத்தான் பார்த்தீர்கள்.

மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் எக்சோம் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் நாங்கள் ஓய்ந்துவிட்டோம். நீங்கள் விடவில்லை. இந்த நோயில் ஒன்பதாவது குரோமோசோமில் எஃப்எக்ஸ்என் மரபணுவுக்குள் ஜிஏஏ என்ற டிஎன்ஏ மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வந்து நூற்றுக்கணக்கில் நீண்டுவிடும், எக்சோமில் அது பெரும்பாலும் சிக்காது என்று சொல்லித் தனிப் பரிசோதனைக்கு எழுதினீர்கள். அதில்தான் தெரிந்தது. 1996-இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தவர்களுக்கும், அன்று அவர்களுக்கு ரத்தம் கொடுத்த குடும்பங்களுக்கும் என் கும்பிடு.

அடுத்து மரபணு ஆலோசகர் தம்பி. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டு எங்கள் வம்சத்தையே ஒரு தாளில் வரைந்தீர்கள். நான் தாய்மாமனைக் கட்டியவள். எங்கள் இருவருக்கும் நடுவே, சொந்தத்தில் கட்டியதற்கு அடையாளமாக இரட்டைக் கோடு. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் ஏற்காட்டுப் பெரிய அம்மாயி, தன் தம்பி ஒருவர் இளவயதிலேயே தள்ளாடி நடந்து படுக்கையில் விழுந்ததைச் சொன்னார். பெண் கொடுக்க மாட்டார்கள் என்று வீட்டில் மூடி வைத்த விஷயம். அம்மாயி, நீங்கள் வாய் திறந்தது பெரிய மனசு.

நானும் வீட்டுக்காரரும் இந்த மரபணுவின் பழுதான பிரதியை ஆளுக்கொன்று சுமக்கிறோம், எங்களுக்கு நோய் வராது, இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போக ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று சொந்தக்காரர்களை உட்காரவைத்துத் தம்பி விளக்கினார். கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்ற பேச்சு அன்றோடு நின்றது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மலையிலிருந்து இறங்கி வந்து ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கொடுத்த மாமா, சித்தி எல்லோருக்கும் நன்றி. சொந்தத்தில் பேசி வைத்திருந்த பிள்ளைகள் இருவரும் நிச்சயத்துக்கு முன்னால் தாங்களாகவே பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது.

வேலைக்குப் போகாத நாட்களிலும் முன்பணம் தந்த செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை முதலாளிக்கும், வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றிய டீச்சருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த நோய் இதயத்தையும் பாதிக்கும், சர்க்கரையும் வரலாம் என்பதால் வருடா வருடம் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறோம், பிசியோதெரபி நடக்கிறது. நோயின் வேகத்தைக் குறைக்கும் ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் 2023-இல் 16 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அது இங்கே கைக்கெட்டும் விலையில் வரும்போது, என் மகளுக்குக் கேட்டு வாங்கக் கையில் ரிப்போர்ட் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சேலம்.