'ஃபாய் டி லா' என்று சொன்னால் கோபப்படாதே

அன்புள்ள மாலதி,

ஹாங்காங்கின் வான் சாய் பகுதியில் மதியக் கூட்ட நேரத்தில், சா சான் டெங் என்கிற சிறு உணவகத்துக் கடை அம்மாள் "ஃபாய் டி லா!" என்று விரட்டியதாகவும், அந்த 'டி' உன்னைச் சுட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அது நம் ஊர் 'டி' இல்லையம்மா. கன்டோனிய மொழியில் 'ஃபாய்' வேகம், 'டி' கொஞ்சம். ஆண், பெண் யாரானாலும் அதே 'டி'தான்.

நீ காது கொடுக்க வேண்டியது கடைசியில் வரும் 'லா'வுக்கு. அது உயர்ந்த குரலில் இழுபட்டு வந்தால், நாம் 'வா' என்பதை 'வாயேன்' ஆக்குகிறோமே, அந்த உரிமைதான். முன்னால் 'ம் கோய்' சேர்ந்தால் 'தயவுசெய்து' வந்துவிட்டது. 'சுங் ம் ஃபாய் டி?' என்று கேட்டால் மட்டும் உஷாராகு: 'இன்னுமா வேகம் வரவில்லை?' என்று பொறுமை இழந்துவிட்டார்கள்.

வேலை செய்யும் இடத்தில் 'ஃபாய் ஸௌ டி' என்பார்கள். ஸௌ என்றால் கை. தெருவில் பின்தங்கினால் 'ஹாங் ஃபாய் லேங் போ', அதாவது இரண்டடி வேகமாக நட. அலங்காரம் முடியாமல் கண்ணாடி முன் நிற்பவரை 'சி சி சிங் சிங்' என்று கிண்டல் செய்வார்கள். ஆடி அசைந்து வேலை பார்ப்பது 'தான் மான் பான்'. மான் பான் என்பது கன்டோனிய இசைநாடகத்தின் மெதுவான விளம்ப காலம். நமக்குத் தலை போகிற அவசரம் என்றால் அவர்களுக்குப் புருவம் எரிகிறது: 'ஃபோ சியூ ங்கான் மேய்'.

எனக்கு மிகவும் பிடித்தது, ரயில் கதவில் முண்டியடிப்பவரைப் பார்த்துக் கேட்கும் 'கோன் சூ ஹோய் தௌ தோய் ஆ?' 'மறுபிறவி எடுக்கவா இத்தனை அவசரம்?' என்று பொருள். செத்தால்தானே மறுபிறவி! நீ இதைப் பழகியவர்களிடம் மட்டும் சொல், அறிமுகம் இல்லாதவரிடம் சொன்னால் சண்டைதான். மேலதிகாரி சிரித்துக்கொண்டே 'ம் சாய் கப், சோய் கன் யூ ஃபாய்' என்றால் நம்பி உட்கார்ந்துவிடாதே. 'அவசரமே இல்லை, வேகமாக முடிந்தால் போதும்' என்கிறார்.

சிவப்பு மினிபஸ்ஸில் விரட்டும் முறை உனக்கு வரும். இறங்கும் இடத்துக்கு முன்பே 'யாவ் லோக்!' என்று கத்து, 'இறங்க ஆள் இருக்கு!' என்று பொருள். முனகினால் ஓட்டுநர் நிறுத்த மாட்டார்.

மற்றபடி யார் விரட்டினாலும் 'லாய் கன், லாய் கன்' என்று சொல்லிவை. 'இதோ வந்துகொண்டே இருக்கிறேன்' என்று அர்த்தம். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொல்லலாம், அங்கே எல்லோரும் அப்படித்தான்.

அன்புடன்,
அத்தை