கேம்ப் வீட்டுக் கூரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஊரில் உள்ளவர்களுக்கும், வெளியூரில் இருந்தபடி போன் மேல் போன் போட்டு விசாரித்தவர்களுக்கும் வணக்கமுங்க.

எங்கள் கேம்ப் வீட்டின் பின்கட்டுக் கூரை கெட்டுப்போன அந்த மழை ராத்திரியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பாதி ஊர் நேரிலேயே பார்த்தது. மீதிப் பேருக்கு விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிட்டது. ஒரு உயிருக்கும் சேதமில்லை, அது போதும். பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு நேற்று சாயங்காலம்தான் கடைசி வரிசை ஓடு ஏறியது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அடங்கிவிட்டால் எழுத மாட்டேன் என்று இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

முழங்கால் தண்ணீரில் வந்து லைனை நிறுத்திய ஈ.பி. ஆட்கள், தீயணைப்பு நிலையத்துத் தம்பிகள், முன்கட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாப் பையன்கள் (தங்கள் துணிப்பையை நனைய விட்டுவிட்டு எங்கள் அப்பாருவின் மரப்பெட்டியைத் தூக்கினார்கள்), முறை வைத்துச் சோறாக்கி அனுப்பிய வீடுகள், கைமாத்தாகக் கொடுத்துவிட்டு "மெதுவாத் தாங்க" என்றவர்கள், எல்லோருக்கும் நன்றி. பேர் சொல்லப் போனால் யாராவது விட்டுப்போவார்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓடுதான் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. புதுசு வாங்கிப் போட்டால் பழைய ஓட்டின் காடியில் கவ்வவில்லை. "எல்லாத்தையும் எறக்கிப்போட்டுத் தகரம் அடிச்சறலாமுங்க" என்று கொத்தனார் சொல்லிவிட்டார். எனக்கும் மனசு தளர்ந்துபோய், தகரத்துக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். அப்போதுதான் மேற்கால தோட்டத்து அக்கா குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் சோளத்தட்டைப் பரப்பி, அதன்மேல் நிறுத்துவாக்கில் அடுக்கிய பழைய ஓடுகள். பாசியெல்லாம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் எங்கள் பின்கட்டு ஓட்டில் இருக்கும் அதே 'காமன்வெல்த்' முத்திரை.

"உங்க ஊட்டு ஓடுதான் கண்ணு. தறி போடறப்ப பொறகட்டுல பாதியப் பிரிச்சாங்கல்ல, சும்மா கெடக்குதுன்னு எங்க மாமனாரு வாங்கியாந்து ஆட்டுச்சாளைக்குப் போட்டாரு."

"ஆடு நனையாதுங்களா அக்கா?"

"ஆட்டுக்குத் தகரம் போட்டாச்சு. அதுக்கென்ன, ஊடா கேக்குது?"

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரல் முட்டியால் தட்டினார். கணீரென்று கேட்டால் இந்தப் பக்கம். சத்தம் செத்து வந்தால் உள்ளுக்குள் கீறல், அந்தப் பக்கம். கொத்தனாரே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பணத்தை நீட்டினேன், கையாலேயே தள்ளிவிட்டார். காப்பித்தண்ணி மட்டும் குடித்தார். போகும்போது ஒன்று கேட்டார்: "திண்ணைக்கு மட்டும் கிரில் கேட்டுப் போட்டறாதீங்க. பஸ்ஸுக்கு நிக்க வேற எடமில்ல."

முத்திரை என்றதும் இன்னொன்று. முன்கட்டு ஓட்டில் 'பாசல் மிஷன் 1865' என்று இருப்பதைப் படம் பிடித்துப்போட்டு, வீடு 1865-ல் கட்டியது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மங்களூரில் அந்தக் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். முதல் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்கு மாறின. ஆக முன்கட்டு போருக்கு முந்தியதாக இருக்கலாம், பின்கட்டு கட்டாயம் பிந்தியது. வயசைக் கூட்டிச் சொல்லி இந்த வீட்டுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

பருத்தி வியாபாரத்தில் கட்டிய வீடு. ஆசாரத்தில் (உள்கூடத்தில்) பாதி இடம் பொதிக்குத்தான். கீழ்பவானி வாய்க்கால் வெட்டியபோது ஓவர்சியர்கள் தங்கினார்கள். 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து அவர்கள் போன பிறகும் 'கேம்ப் ஊடு' என்ற பேர் போகவில்லை. அப்புறம் கைத்தறி; சென்னிமலை பெட்சீட்டுக்கு இங்கே பாவு ஓடியது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த காலத்தில் பால்வாடிக்குக் கட்டடம் இல்லாமல் பிள்ளைகள் ஆசாரத்தில்தான் தட்டோடு உட்கார்ந்தார்கள். பிறகு விசைத்தறி. இப்போது பனியன் கம்பெனிக்குப் போகும் பையன்கள். வந்தவர்கள் எல்லோரும் வீட்டைக் கொஞ்சம் கெடுத்தார்கள்தான். ஓவர்சியர்கள் தூணில் ஆணி அடித்தார்கள், தறி ஓடிய அதிர்ச்சியில் காரை உதிர்ந்தது. ஆனால் இதே தெருவில் பூட்டியே கிடந்த தொட்டிக்கட்டு வீட்டைக் கறையான் தின்றது. மிஞ்சிய தூண்களும் பழைய மரச்சாமான் வியாபாரியிடம் போய்விட்டன. அதனால், "வாடகைக்கு விடாமல் அப்படியே பாதுகாத்து வையுங்கள்" என்று சொல்லும் சொந்தக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆள் புழங்காவிட்டால் அன்றைக்கு ராத்திரி ஒழுகுவதை யார் பார்த்துச் சத்தம் போட்டிருப்பார்கள்?

திண்ணைக்குக் கேட் வராது. இதை அக்காவிடம் மட்டுமல்ல, உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். பையன்களும் முன்கட்டிலேயே இருப்பார்கள், இந்த மாசத்துக்கு வாடகை வாங்கப் போவதில்லை. சரிசெய்த தாழ்வாரத்தைச் சாயங்காலம் பிள்ளைகள் படிக்க விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். லைட்டுக்கு ஒயரிங் மட்டும் பாக்கி.

கடைசியாக ஒரு விஷயம். மோட்டு ஓடு (கூரை உச்சியில் கவிழ்ப்பது) இன்னும் பத்துப் பன்னிரண்டு குறைகிறது, இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். அந்தக் காலத்தில் பின்கட்டிலிருந்து போனது யார் வீட்டு மாட்டுக்கொட்டாயிலாவது, பாத்ரூம் மேலாவது இருந்தால் சொல்லுங்க. சும்மா வேண்டாம், உங்கள் கொட்டாய்க்கு மாத்து ஓடு நானே வாங்கி, ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன்.