பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறடிக் கட்டில்

அன்புள்ள செல்வா,

கடிதமும் வீட்டு வரைபடமும் வந்து சேர்ந்தன. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சின்னவன் எல்.கே.ஜி. போகத் தொடங்கிவிட்டான் என்று படித்ததில் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். தாம்பரம் ஃப்ளாட் சாவி தை மாதம் கைக்கு வரும் என்கிறாய். பூச்சு வேலை முடிந்து ஒயரிங் இன்னும் முடியாத இந்தச் சமயத்தில் மெத்தை அளவைப் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஸ்விட்ச் பெட்டி எங்கே வரவேண்டும் என்பதைக்கூட மெத்தைதான் முடிவு செய்யும்.

குயீனா கிங்கா என்று கேட்டிருந்தாய். பெயரை விட்டுவிட்டு இன்ச் கணக்கைப் பிடித்துக்கொள். நம் ஊர்க் கடையில் குயீன் என்றால் அகலம் 60 இன்ச், கிங் என்றால் 72 இன்ச். நீளம் இரண்டுக்கும் 72, 75, 78 என்று மூன்று விதமாக வரும். கடைக்காரர் ‘கிங்’ என்று சொல்லும்போது மூன்றில் எது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதே. லண்டனில் இருக்கும் மச்சான் பெட்ஷீட் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார் அல்லவா? அங்கே கிங் என்பது 150க்கு 200 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம்முடைய குயீன். நம் கிங்குக்கு நெருக்கமானது அங்கே சூப்பர் கிங், 180க்கு 200. அமெரிக்க கிங் 76க்கு 80 இன்ச், அந்த விரிப்பு நம் மெத்தையில் தொளதொளவென்று கிடக்கும். சிங்கப்பூரில் நீளமே 190 சென்டிமீட்டர்தான், நம்முடைய 75 இன்ச்சுக்குச் சமம். சென்டிமீட்டர் கணக்கில் செய்த 200 நீள மெத்தையை 78 இன்ச் கட்டிலுக்கு வாங்கினால் முக்கால் இன்ச் நீண்டு சட்டத்துக்குள் உட்காராது. அகலத்திலோ ஒரு இன்ச் இடைவெளி விழும். ஆகவே கட்டிலும் மெத்தையும் ஒரே கணக்கில் இருக்கட்டும்.

நீளத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. படுப்பவரில் உயரமானவரின் உயரத்தோடு ஆறு இன்ச் சேர்த்துக்கொள். நீ ஐந்தடி பதினொன்று, 71 இன்ச். ஆறு சேர்த்தால் 77. எனவே 75 உனக்குப் போதாது, தலையணை கொஞ்சம் கீழே இறங்கினால் பாதம் வெளியே நீட்டும். 78 சரியாக இருக்கும். 84 செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அந்த நீளத்துக்கு உறை பெரும்பாலும் தைக்கத்தான் வேண்டியிருக்கும், தவிர சொல்லிச் செய்த அளவைப் பொதுவாகக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டிய அளவு அது.

அகலத்தில்தான் உன் வீட்டுக் கணக்கு கொஞ்சம் சிக்கல். 60 இன்ச்சில் இருவர் படுத்தால் ஆளுக்கு 30. அதே 60இல் சின்னவன் நடுவில் வந்து படுத்தால் ஆளுக்கு 20தான். முழங்கையை மடக்கிப் படுத்தாலே 24 இன்ச் வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை நேராகவும் படுக்கமாட்டான், குறுக்கே திரும்பி ஒருவரை விளிம்புக்குத் தள்ளிவிடுவான். 72 என்றால் மூவருக்கும் 24 கிடைக்கும். அவன் தனியாகப் படுக்க இன்னும் மூன்று நான்கு வருடம் ஆகலாம், மெத்தையோ அதற்கு மேலும் உழைக்கும். படுப்பவர்களை மட்டும் பார்த்தால் உனக்கு 78க்கு 72தான்.

ஆனால் அறை இடம் கொடுக்க வேண்டுமே. வரைபடத்தில் 10 அடிக்கு 12 அடி என்று போட்டிருப்பது பெரும்பாலும் செங்கல் சுவருக்குச் செங்கல் சுவர். இரண்டு பக்கப் பூச்சிலும், சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையிலும் ஒன்றரை இன்ச் போய்விடும். 118½க்கு 142½ என்று வைத்துக்கொள்கிறேன். சாவி வாங்கியதும் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சிறிய எண்ணை எழுதிக்கொள். சுவர் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது.

மெத்தை 72 என்றால் கட்டில் 72 அல்ல. பக்கச் சட்டங்களோடு அகலம் 76 ஆகிவிடும். நீளத்தில் தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுச் சட்டம், திரைச்சீலைக்கு விடும் இடம் எல்லாம் சேர்த்து 84. இந்த 84க்கு 76தான் அறையில் உட்காரப்போகும் பொருள்.

வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதால் தெற்குச் சுவரில் தலைமாடு வைப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படி வைத்தால் என்ன ஆகும் பார். தெற்குச் சுவர் பத்தடி. 118½இல் 76 போனால் 42½, பக்கத்துக்கு 21 இன்ச் சொச்சம். மேற்குச் சுவரின் தெற்கு மூலையில் குளியலறைக் கதவு இருக்கிறது. இரவில் எழுந்து அந்த 21 இன்ச் சந்தில் விளக்குப் போடாமல் நடந்தால் கட்டில் மூலை முட்டியில் இடிக்கும். கட்டிலைக் கிழக்கே தள்ளி இந்தப் பக்கம் 30 விட்டால் அந்தப் பக்கம் 12தான். அப்போதும் குளியலறைக் கதவு திறப்பது கட்டில் பக்கவாட்டை ஒட்டித்தான். இந்த வைப்பில் பார்த்தால் குயீன் மட்டுமே வசதி.

கிழக்கே தலைமாடு வைத்துப் பார், கணக்கே மாறுகிறது. கட்டிலின் 84 நீளம் பத்தடிப் பக்கத்தில் போகும். கால்மாட்டுக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே 34 இன்ச் நேரான வழி கிடைக்கும். வடக்குச் சுவரின் மேற்கு ஓரத்து வாசலில் நுழைந்து நேராகக் குளியலறைக்குப் போய்விடலாம், கட்டிலைச் சுற்றவே வேண்டாம். பன்னிரண்டடிப் பக்கத்தில் 142½இல் வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரி 24, கட்டில் 76 போக 42½ மிஞ்சும். அலமாரிப் பக்கம் 30 விடு, தெற்குச் சுவர்ப் பக்கம் 12 விடு. அலமாரி ஷட்டர்கள், அதாவது கதவுகள், 18 இன்ச்சுக்கு மேல் அகலம் வேண்டாம் என்று தச்சரிடம் இப்போதே சொல். 24 இன்ச் ஷட்டரை 30 இன்ச் இடத்தில் திறந்தால் நிற்க இடமிருக்காது. அகலமான ஷட்டர்தான் பிடிக்கும் என்றால் ஸ்லைடிங் போட வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும், தண்டவாளத்தில் தூசியும் சேரும். உன் இடத்தில் நான் சிறிய ஷட்டரையே போடுவேன்.

அந்தப் பன்னிரண்டு இன்ச்சைக் குறைக்காதே. சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் நாலைந்து இன்ச் விட்டால் துடைப்பம் நுழையாது, தலையணை விழுந்தால் எடுக்க முடியாது, அதைவிட முக்கியமாகக் குழந்தை அதில் வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. சுவரோடு ஒட்டுவதானால் இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் கால் நுழையும் அளவு விட வேண்டும். அந்தப் பக்கம் படுப்பவர் கால்மாட்டு வழியாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். தங்கச்சியிடம் கேட்டு, யார் அங்கே என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிழக்குச் சுவரில் ஜன்னல் இருப்பதால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஜன்னல் அடிமட்டம் மூன்றடி என்கிறாய். தலைமாட்டுப் பலகை தரையிலிருந்து 36 இன்ச்சைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்லைடிங் கண்ணாடியைத் திறக்கக் கை எட்டாது. இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் சாரலடிக்கும். சன்ஷேடு போதிய அகலமா என்று முதல் மழையிலேயே பார்த்துவிடு. தலைமாட்டில் ஈரம் ஏறினால் எந்த மெத்தையும் பூசணம் பிடிக்கும்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது: கிழக்குச் சுவரில் வடக்கு மூலையிலிருந்து 54 இன்ச்சில் கட்டில் தொடங்குகிறது. ஸ்விட்ச் பெட்டி 46 இன்ச்சில், தரையிலிருந்து 26 இன்ச் உயரத்தில் வரட்டும். தெற்குப் பக்கத்து 12 இன்ச் சந்திலும் அதே உயரத்தில் ஒன்று. கட்டில் அளவு தெரியாமல் வைத்த பெட்டிகள் பெரிய கட்டில் வந்ததும் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கின்றன.

இதையெல்லாம் என் சொல்லை நம்பிச் செய்ய வேண்டாம். தரையில் சாக்பீஸால் 84க்கு 76 கட்டம் போடு, அலமாரிக்கு 24 இன்ச் கோடு போடு. நீயும் தங்கச்சியும் அதைச் சுற்றி நடந்து பாருங்கள், துணி எடுப்பதுபோல் குனிந்து பாருங்கள். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை வைப்பதானால் அதையும் கட்டத்தில் வெளியே இழுத்துப் போடு. 20 இன்ச் இழுப்பறை 30 இன்ச் பக்கத்தில் திறக்கும், 12 இன்ச் பக்கத்தில் திறக்காது. கால்மாட்டுப் பக்கம் தூக்கித் திறக்கும் ஹைட்ராலிக் கட்டில் உன் அறைக்குப் பொருந்தும்.

கிங் கட்டிலில் அடிக்கடி கெடுவது நடு முதுகு. 72 இன்ச் அகலத்துக்கு, மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பட்டைகளான ரீப்பர்கள் இருபக்கச் சட்டத்தை மட்டும் நம்பிக் கிடந்தால் ஒரு வருடத்தில் நடுவில் வளையும், மெத்தையில் குழி விழுந்துவிட்டது என்று மெத்தைமேல் பழி வரும். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவில் ஒரு சட்டம் ஓட வேண்டும், அதற்குத் தரையில் ஊன்றும் காலும் வேண்டும். ரீப்பர்களுக்கு இடையில் மூன்று இன்ச்சுக்கு மேல் விடக் கூடாது. பிளைவுட் போட்டால் 12 எம்.எம்.முக்குக் குறையாமல், இரண்டு பலகை சேரும் இடம் அந்த நடுச் சட்டத்தின் மேல் வரும்படி. காற்றுப் போக அங்கங்கே ஒரு இன்ச் துளை போடச் சொல். கட்டிலின் உள்ளளவு மெத்தையைவிட அரை இன்ச் கூட இருந்தால் போதும். குறைந்தால் மெத்தை விளிம்பு மேலே சுருண்டு நிற்கும், ஒரு இன்ச்சுக்கு மேல் கூடினால் மெத்தை நகர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் மாடிக்கு எப்படி ஏற்றுவது என்று கேட்கவில்லை நீ, ஆனால் கடைசி நேரத்தில் சண்டை வருவது இதில்தான். 78க்கு 72 ஒரே மெத்தை, ஆறு பேர் ஏறும் லிஃப்ட்டில் நுழையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் சாய்க்க வேண்டும். ஆறு இன்ச் ரப்பரைஸ்டு காயர், அதாவது ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தை, அந்த அளவில் 40 கிலோவுக்கு மேல் வரும், லேட்டக்ஸும் அப்படித்தான். காயர் மெத்தையை மடக்கினால் உள்ளே விரிசல் விட்டு அந்த இடம் எப்போதும் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். சாதாரண ஃபோம் கிட்டத்தட்ட 18 கிலோதான், சுருட்டி உறையிட்டு வரும். பிரித்தபின் முழு உயரத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் விட வேண்டும்.

என் யோசனை, 78க்கு 36 அளவில் இரண்டு மெத்தையாக வாங்கு. சேர்த்தால் சரியாக 72. லிஃப்ட்டுக்குள் போகாவிட்டாலும் படியில் இரண்டு பேர் சுலபமாகத் தூக்குவார்கள். ஒருவர் புரண்டால் மற்றவருக்கு அசைவு குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலை கால் திருப்பிப் போடுவதோடு இடம் வலமும் மாற்றலாம், தேய்மானம் சமமாகும். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். பிள்ளை நடுவில் படுப்பதால் இணைப்பு உறுத்துமே என்பாய். ஸ்பிரிங் மெத்தை என்றால் உறுத்தும், விளிம்பு கடினம். காயரோ லேட்டக்ஸோ வாங்கி, இரண்டையும் ஒரே பில்லில் ஒரே கனத்தில் எடுத்து, மேலே தடித்த புரொடெக்டர் (மெத்தைப் பாதுகாப்பு உறை) ஒன்று 78க்கு 72இல் மாட்டினால் இணைப்பு தெரியாது. பூட்டன் காலத்து வழக்கப்படி போடியிலிருந்து இலவம்பஞ்சு வரவழைக்கப் போகிறேன் என்றாலும் இரண்டாகவே தைக்கச் சொல். ஆறடிப் பஞ்சு மெத்தையை மொட்டை மாடிக்கு யாரும் வெயிலில் போடத் தூக்கமாட்டார்கள்.

பெட்ஷீட் 108க்கு 108 இன்ச் வாங்கு. டபுள் என்று விற்கும் 90க்கு 100, ஆறு இன்ச் மெத்தையின் இரு பக்கத்தையும் மூடியபின் பக்கத்துக்கு மூன்று இன்ச்தான் அடியில் செருகக் கிடைக்கும், விடிவதற்குள் வெளியே வந்துவிடும். கொசுவலையும் ஆறுக்கு ஆறரை அடி என்று கேட்டு வாங்கு. அதுவும் மெத்தைக்கு அடியில் செருகும் அளவுக்கு இறங்க வேண்டும்.

அம்மா அறைக்கு அப்பாவின் தேக்குக் கட்டிலையே கொண்டுபோகிறாய் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதை விற்றுவிட்டு அங்கேயும் ஆறடி போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. பத்துக்குப் பத்து அறையில் அம்மா வாக்கர் வைத்து நடக்க, கட்டிலின் ஒரு பக்கமாவது 36 இன்ச் வேண்டும். அந்தக் கட்டில் ஆறேகாலுக்கு ஐந்து, அதாவது 75க்கு 60 என்றுதான் நினைவு. 78 மெத்தை அதில் உட்காராது, ஆகவே உள்ளளவை எடுத்த பிறகே மெத்தை சொல்ல வேண்டும். பலகை தரையிலிருந்து 15 இன்ச் என்றால் ஐந்து இன்ச் மெத்தை போதும், உட்கார்ந்தால் 19க்கு வரும். பாதம் தரையில் முழுதாகப் பதிந்து, கை ஊன்றாமல் எழ அந்த உயரம் உதவும். பத்து இன்ச் கன மெத்தையைப் பார்த்து ஆசைப்படாதே, அம்மாவுக்குக் கால் தொங்கும். மெத்தை கொஞ்சம் உறுதியானதாக இருக்கட்டும், அமுங்கினால் எழும்போது முழங்காலுக்குத்தான் வேலை அதிகம்.

தேக்குக் கட்டிலின் உள்ளளவை நீளத்தில் இரண்டு இடம், அகலத்தில் மூன்று இடம் எடுத்து அனுப்பு. பலகை உயரத்தையும் சேர்த்து எழுது. அலமாரித் தச்சரிடம் பேசுமுன் ஷட்டர் அகலத்தை மறந்துவிடாதே. தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
ராமு