உணவுத் தட்டு எடுக்க வந்தவருக்கும் மற்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி நான்கு நாள் ஆகிறது. எனக்கு நேர்ந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை மறுபடி எழுதப்போவதில்லை. மருத்துவர்களுக்கும், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்களுக்கும், என் மனைவியை நாள்தோறும் காரில் கூட்டிவந்த அண்டைவீட்டாருக்கும், சூப் காய்ச்சி அனுப்பிய தேவாலயத்துப் பெண்களுக்கும், ஆங்கிலம் மறந்து கிரேக்கத்தில் நான் பிதற்றியதையெல்லாம் பொறுமையாக மொழிபெயர்த்த பேத்திக்கும் என் நன்றி.

ஆனால் இம்மடலை எழுதவைத்தவர், உணவுத் தட்டுகளை எடுத்துச்செல்ல வரும் பெண்மணி. மூன்றாம் நாள் காலையில், என் தலையணைக்கு அடியில் காய்ந்த ரொட்டித் துண்டுகள் கிடப்பதை அவர் கண்டுவிட்டார். அவற்றை ஒளித்தவன் நான்தான். ஒளித்த நினைவுதான் எனக்கில்லை. கூனிக் குறுகிப் போனேன். அவரோ அவற்றை எறியவுமில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. காகிதத்தில் பொதிந்து, என் கைக்கெட்டும் இழுப்பறையில் வைத்து, "இங்கே இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அன்றுமுதல் காலைதோறும் பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதொன்றை வைத்துப் போனார்.

கேட்காத அவருக்கு இப்போது சொல்கிறேன். 1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படை ஏதென்சுக்குள் நுழைந்தபோது எனக்கு ஆறு வயது. பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய கொக்கினியா என்னும் அகதிக் குடியிருப்பில் இருந்தோம். உள்ளே இருந்த தானியத்தை ஆக்கிரமித்தவர்கள் வாரிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வரக்கூடியதைப் பிரிட்டனின் கடல் முற்றுகை தடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் காட்டுக்கீரையும், கிடைத்த நாளில் மக்காச்சோள மாவில் சுட்ட பொபோத்தாவுமே எங்கள் சாப்பாடு. என் தம்பி இறந்தபோது அம்மா அதைப் பதிவு செய்யவில்லை; செய்தால் அவனுடைய ரொட்டி அட்டை போய்விடும். அவன் பங்கை நான் தின்றேன்.

அம்மா 1922இல் துருக்கியிலிருந்து உயிர்தப்பி ஓடிவந்தவர். அதே துருக்கியிலிருந்துதான் குர்துலுஷ் என்னும் கப்பல் எங்களுக்குப் பயறு கொண்டுவந்தது. 1942 சனவரியில் அது மர்மராக் கடலில் மூழ்கியது என்று கேள்விப்பட்ட அன்று, தம்பிக்கு அழாத அம்மா அழுதார். பிற்பாடு அவ்வாண்டிலேயே செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் சுவீடன் கப்பல்கள் கனடாவின் கோதுமையோடு வந்ததால்தான் நான் ஏழு வயதைத் தாண்டினேன்.

1960இல் பத்ரிஸ் கப்பலில் மெல்பர்னுக்குப் புறப்பட்டேன். மூன்று வேளையும் சோறு போட்ட கப்பல். அப்படியிருந்தும் என் சட்டைப்பையில் ஒரு ரொட்டித் துண்டு தூளாகும்வரை இருந்தது. இங்கே வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். அப்பா ஏன் ரொட்டியை எண்ணுகிறார் என்று அவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

அம்மணி, உங்கள் பெயர் அட்டையைப் படிக்க அப்போது என்னிடம் கண்ணாடி இல்லை. நடக்க அனுமதி கிடைத்ததும், நானே சுட்ட ரொட்டியோடு காலை வேளையில் அந்த மாடிக்கு வருவேன். கடைசி நாள் நீங்கள் வைத்த துண்டு இன்னும் என் மேலங்கிப் பையில்தான் இருக்கிறது.