பதினெட்டு ஷட்டர்

வெட்டூர்ணிமடம்,
ஞாயிறு ராத்திரி

மக்கா,

வைதுகொண்டேதான் கவரைக் கிழித்திருப்பாய். வை. டொரன்டோவில் நாலு மாதம், ஊர் திரும்பி மூன்று வாரம், ஒரு வரி எழுதவில்லை. போனில் கூப்பிட்டால் நீ “ஆங்? ஆங்?” என்கிறாய், உன் மருமகள் நடுவில் நின்று நான் சொல்வதை உன் காதில் திருப்பிக் கத்துகிறாள். அவள் முன்னால் நான் என்னத்தைப் பேச? அதனால்தான் காகிதம்.

மூத்தவன் சுகம். பேத்திக்கு ‘தாத்தா’, ‘தோசை’ இரண்டும் தெரியும், அதற்கு மேல் தமிழ் கிடையாது. வெயில் அங்கேயும் உண்டு. சூரியன் ராத்திரி ஒன்பது மணிக்கு மறைகிறது, சாப்பாட்டு நேரமே குழம்பிவிட்டது. இவ்வளவுதான் ஊர் நியாயம்.

சொல்ல வந்தது வேறு. நான் ஹெலிகாப்டரில் ஏறினேன். சிரிக்காதே. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடுவில் உயரத்துக்குப் பயந்து உட்கார்ந்துகொண்ட அதே ஆள்தான்.

நயாகராவுக்கு மேலே 12 நிமிடம். மகன் சொல்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டான். விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன், பிறகு வாயைத் திறக்கவில்லை. ஏறும் முன் எல்லாரையும் எடை போடுகிறார்கள். பாரம் ஒரு பக்கமாகச் சாயக்கூடாதாம், எடையைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். உன் தங்கச்சி செருப்பைக் கழற்றி, கைப்பையை என்னிடம் தந்து, மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முள் இரக்கம் காட்டவில்லை. ஆனால் பைலட் பக்கத்து இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. இன்று வரை கீழே இறங்கவில்லை அவள்.

கீழே ஆறு பச்சையாக ஓடுகிறது. ஓரிடத்தில் பாறைப் பள்ளத்தாக்கு சட்டென்று திரும்ப, தண்ணீர் ஆட்டுரலில் மாவு போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதைத் தாண்டினால் அருவி. ஒன்றில்லை, மூன்று. பெரியது லாடம் போல வளைந்தது, விளிம்பு மட்டும் சுமார் 670 மீட்டர், உயரம் 57 மீட்டர். நம் திற்பரப்பு அருவி 50 அடி என்று பெருமையடிப்போமே, அதில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினாலும் எட்டாது.

எல்லாரும் ‘ஆ’ என்று பார்க்கிறார்கள். நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? அருவிக்குக் கொஞ்சம் மேலே, கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு வரிசை. ஷட்டர், மக்கா, ஷட்டர்! பேச்சிப்பாறை அணையில் நாம் ஏற்றி இறக்கினோமே, அதே மாதிரி. மகன் தோளைத் தட்டி அருவியைக் காட்டுகிறான், நான் பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 18.

அப்புறம் அங்கிருந்தவரை அந்தப் பேச்சுதான், வீட்டில் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. நீயாவது கேள். கனடாவும் அமெரிக்காவும் 1950-ல் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சுற்றுலாக் காலத்தில், பகலில், அருவியில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடியாவது விழ வேண்டும். ராத்திரியிலும் குளிர்காலத்திலும் 50,000 போதும். மிச்சத்தை மின்நிலையங்களுக்குத் திருப்பிக்கொள்ளலாம். பாறை அரித்து அரித்து 12,000 வருடத்தில் அருவி 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. தண்ணீரைத் திருப்பியதில் அந்த அரிப்பும் மட்டுப்பட்டிருக்கிறது. 1969-ல் அமெரிக்கப் பக்கத்து அருவியை மண் அணை போட்டு மறித்து, சில மாதம் சொட்டுத் தண்ணீர் விடாமல் பாறையைப் பரிசோதித்தார்களாம். உலகமே வாய்பிளந்து பார்க்கிற அருவி! நம்மைப் போல ஒருவன் ராத்திரி அதைப் பாதியாக்கிவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி குடிக்கிறான்.

அவனுக்கென்ன, சுலபம். மணியைப் பார்த்து இறக்கலாம், ஏற்றலாம். கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒருவரும் நிற்பதில்லை. நமக்கு அந்தக் கார்த்திகை விடியற்காலம் இருக்கிறதே. மழை, போன் கம்பி அறுந்து கிடக்கிறது, பேச்சிப்பாறையில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, திற்பரப்பில் மாலை போட்ட சாமிமார் குளிக்க இறங்கும் நேரம். அவர்களை எச்சரிக்க நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். நீ போய்ச் சேர்ந்திருப்பாயா என்று தெரியாமல் ஷட்டர் பக்கத்தில் நான் நின்ற நேரம் இப்போதும் கனவில் வருகிறது. உன்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டரில் காதில் பெரிய ஹெட்போன் மாட்டிவிடுகிறார்கள். விசிறி இரைச்சலை அது மறைக்கிறது, கூடவே அருவியையும். அத்தனை தண்ணீர் விழுகிறது, சத்தமே இல்லை. பஞ்சு கொட்டுகிற மாதிரி. எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்று சொன்னவன் நீ. திற்பரப்பு உனக்கு இப்போது இப்படித்தான் இருக்கிறதா? கேட்டால் எரிந்து விழுவாய். இருந்தாலும் கேட்கிறேன்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் வா. ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரியில் காதைக் காட்டிவிட்டு, இங்கே வந்து சாப்பிடலாம். அவியலும் தீயலும் வைப்பதாகத் தங்கச்சி சொல்லியிருக்கிறாள். ‘கருவி மாட்டினால் கிழவனாகிவிடுவேன்’ என்ற பழைய பாட்டு வேண்டாம். நீ கிழவனாகி வெகுநாள் ஆயிற்று, சவமே.

வரவில்லை என்றால் நஷ்டம் உனக்குத்தான். இறங்கிய பிறகு அருவி ஓரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, போனில் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இரண்டு பதிவு. ஒன்று பகலில் எடுத்தது, இன்னொன்று ராத்திரி பத்து மணிக்கு மேல். எது எது என்று நான் சொல்ல மாட்டேன்.

உன்,
ஓவர்சியர்